வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி

தம்பிமார்களே, போன வெள்ளிக்கிழமை பெட்டாலிங் ஜெயா புது பாக்டரியில் நான் செய்த காரியம் உங்களில் பலருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கூரையில் வரிசையாகப் பெரிய காற்றாடிகளைப் பொருத்தி முதல் தடவை ஓடவிடுகிற நாள். இந்தத் தொழிலில் கிழடு தட்டிப்போனவன் என்று என்னையும் அழைத்து மாலை போட்டீர்கள், நாற்காலி போட்டீர்கள். தேங்காய் உடைத்தீர்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினீர்கள். ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி, வாழைப்பழத்தில் குத்தி, சுவிட்சுக்கு முன்னால் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்கள். பிறகு எல்லோரும் பிரியாணிப் பக்கம் போய்விட்டீர்கள்.

நான் அந்தப் பழத்திலிருந்து ஓர் ஊதுபத்தியைப் பிடுங்கிக்கொண்டு பாக்டரியைச் சுற்றி நடந்தேன். "அங்கிளுக்கு பக்தி முத்திப் போச்சு லா" என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. பின்பக்கத்து அடுப்பறை வாசலில் நின்றபோது அந்தப் புகை நேராக என் மூக்குக்குத் திரும்பி வந்தது. காற்றாடிகளை உடனே நிறுத்தச் சொன்னேன். முதலாளி விருந்தாளிகளோடு நின்றிருந்தார். உங்கள் முகம் போன போக்கை நான் பார்க்காமல் இல்லை. மாலை போட்ட கையாலேயே கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பீர்கள், என் வயசைப் பார்த்துச் சும்மா விட்டுவிட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஏன் எரிகிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, பிரிக்பீல்ட்ஸில் ரயில் வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டறையில் நான் பிட்டராக இருந்தேன். பாக்டரிக் கூரைகளுக்குக் காற்றாடி, தகரக் கூண்டு, காற்றுப் போக்கி எல்லாம் அங்கே செய்வோம். தலைமைத் தகரவேலைக்காரர் ஒரு சீனர். அவரை அப்பேக், அதாவது பெரியப்பா, என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைத் திறந்தால் வசவு. கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாயில் திட்டுவார், அது போதாதென்றால் சீனத்தில் திட்டுவார். ஆனால் எந்தக் காற்றாடியைப் பொருத்தினாலும் அதை ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுக்க நடப்பார். கதவிடுக்கு, ஜன்னல், அடுப்பு வாய், ஒவ்வொன்றிலும் நின்று புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். "அங்கின் மாசோக் மானா?" என்று கேட்டுக்கொண்டே போவார். காற்று எது வழியாக உள்ளே வருகிறது என்று அர்த்தம்.

இவ்வளவுதான் விஷயம். கூரைக் காற்றாடி காற்றை வெளியே தள்ளும். வெளியே போகிற அளவுக்கு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். நீங்கள் வழி விட்டால் விட்ட வழியில் வரும். விடாவிட்டால் தனக்கு வேண்டிய வழியில் வரும். அந்த வழி எது என்று ஊதுபத்திப் புகை சொல்லும்.

அப்பேக் ஊருக்குத் திரும்பிப் போன பிறகு எங்களை வேலை வாங்கும் மண்டோர் பொறுப்புக்கு வந்தார். அவரும் ஊதுபத்தியை விடவில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அது சாமி கும்பிடுகிற காரியமாகப் பட்டது. சீனன் அவன் சாமியைக் கும்பிட்டான், நாம் நம் சாமியைக் கும்பிடுவோம் என்று தேங்காய் சேர்த்தார், சூடம் சேர்த்தார். கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் சாம்பல் விழுகிறது என்று ஊதுபத்தியை வாழைப்பழத்தில் குத்திவிட்டார். அன்றோடு நடை நின்றது. பூஜை என்னவோ ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

கிள்ளான் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ரப்பர் ஸ்டோருக்கு மண்டோரின் ஆட்கள் போய்ப் பெரிய காற்றாடி ஒன்றைக் கூரையில் வைத்துவிட்டு வந்தார்கள். நான் அந்த வேலையில் இல்லை. சில வாரங்களில் ஸ்டோரிலிருந்து புகார் வந்தது. காற்றாடிக்குச் சக்தி போதவில்லையாம், பெண்கள் மயங்கி விழுகிறார்களாம், இன்னும் வேகமாக ஓடும்படி செய்து தரவேண்டுமாம். வேகம் கூட்ட ஓர் இரும்புக் கப்பியைக் கொடுத்து என்னை அனுப்பினார்கள். அதைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினேன்.

ஸ்டோர் கணக்கைப் பார்க்கும் கிராணி நெற்றி நிறையத் திருநீறு பூசிய மனிதர். எஸ்டேட்டில் கிராணி என்றால் சின்னத் துரை மாதிரி. அவர் இடுப்பில் ஒரு சாவிக் கொத்து தொங்கியது. பெண்கள் ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிற அறையை வெளியிலிருந்து பூட்டியிருந்தார். ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார். ரப்பர் திருட்டுப் போகிறது, என் தலைதான் உருளும் என்றார். ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டுவதைப் பற்றி அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஒரு பக்கம் திறப்பு விடுவார்கள்.

பூட்டைத் திறந்து என்னை உள்ளே கூட்டிப் போனார். மூலையில் பெரிய இரும்பு அடுப்பு. ரப்பரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அந்த அறையில் எப்போதும் கரி எரியும். விறகு எரித்தால் புகை ரப்பரைக் கறுக்கடிக்கும் என்று கரி. அடுப்பின் புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. அதற்குக் கொஞ்ச தூரத்தில் எங்கள் காற்றாடி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் காற்றை வெளியேற்றி ரப்பரைக் காப்பாற்றத்தான் அதை வாங்கியிருந்தார்கள். பெண்களுக்காக என்று யாரும் நினைத்திருந்தால் அது அவரவர் தப்பு. வெளிச்சுவரோரம் காற்றாடியை ஓட்டும் என்ஜினும் அதற்கு ஓர் ஆளும் இருந்ததை வரும்போதே பார்த்தேன்; அதன் நெம்புகோலுக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் வைத்த வாழைப்பழம் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. அதில் ஊதுபத்திக் குச்சிகள் அப்படியே குத்தி நின்றன.

பெண்கள் மயங்குவதைப் பற்றிக் கேட்டேன். கிராணி சிரித்தார். எல்லாம் நடிப்பு என்றார். தூக்கி வெளியே மரத்தடியில் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். நோய் என்றால் இப்படியா சட்டென்று சரியாகும் என்று என்னையே கேட்டார். அதில் ஒருத்தி பாக்கியம். முப்பது வயது கடந்தவள், புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளோடு லயத்து வீட்டில் இருப்பவள். அவள்தான் அடிக்கடி விழுந்தவள். கள்ளுக் குடித்துவிட்டு வருகிறாள் என்று கிராணி அவள் காதுபடவே சொன்னார். இன்னொரு தடவை விழுந்தால் பேரை வெட்டி, லயத்து வீட்டையும் காலி செய்ய வைப்பதாக அன்று காலைதான் சொல்லியிருக்கிறார்.

நான் பாக்கியத்திடம் போய் என்ன செய்கிறது என்று கேட்டேன். அவள் கிராணியைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"காத்தாடி வந்ததிலேர்ந்துதான் தம்பி தலைய சுத்துது. முன்னாடி வேர்க்கும், அவ்வளவுதான். விழ மாட்டோம்."

"பாத்தீரா பிட்டரே, காத்து வந்தா தலை சுத்துதாம்" என்றார் கிராணி.

அவர் என்னோடு வெளியே வந்து கதவைப் பூட்டினார். காற்றாடியின் கூண்டைப் பார்க்க வெளி ஏணி வழியாகக் கூரைக்கு ஏறினேன். உள்ளே நின்ற கொஞ்ச நேரத்திலேயே எனக்கு நெற்றிப்பொட்டில் வலி. வெயில் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பீடி பற்றவைத்து அடுப்பின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பீடிப் புகை மேலே போகவில்லை. குழாயின் வாய்க்குள் போனது. நான் இன்னொரு இழுப்பு இழுத்து ஊதினேன். அதுவும் உள்ளேதான் போனது. குழாயைத் தொட்டேன். கீழே கரி கனன்றுகொண்டிருக்கிறது, மேலே குழாய் சூடே இல்லை.

கதவு பூட்டு, ஜன்னல் பலகை. காற்றாடிக்கு வேறு வழியே கிடைக்காமல் புகைக்குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று அடுப்பைத் தாண்டி, கரியின் நச்சை வாரிக்கொண்டு அந்தப் பெண்களின் முகத்தில் போய் இறங்குகிறது. கரியின் நச்சு கண்ணுக்குத் தெரியாது. வாடையும் பெரிதாக இராது. அதனால்தான் வெளியே தூக்கிப் போட்டதும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று வெளியேதான் இருந்தது. "அங்கின் மாசோக் மானா" என்று ஒரே ஒரு தடவை யாராவது கேட்டிருந்தால் போதும். பழத்தில் குத்திய குச்சி எங்கே கேட்கும்?

அந்த நேரத்தில் கீழே அறைக்குள்ளிருந்து அலறல். ஒருத்தி விழுந்துவிட்டாள், பின்னாலேயே இன்னொருத்தி. நான் ஏணியில் இறங்குவதற்குள் கிராணி என்ஜின்காரனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"வேகமா ஓட வுடுய்யா! காத்தாடிய இன்னும் வேகமா ஓட வுடு!"

தம்பிமார்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். ஆள் மூச்சுத் திணறினால் காற்றாடியை வேகமாக ஓட்டு என்றுதான் எவனுக்கும் தோன்றும். கிராணிக்குத் தோன்றியது, என்ஜின்காரனுக்குத் தோன்றியது, அவசரத்தில் உங்களுக்கும் அதுதான் தோன்றும். வேகமாக ஓட ஓட இன்னும் அதிகமாக நஞ்சை உறிஞ்சும் என்று அங்கே நின்று விளக்க எனக்கு நேரமில்லை. நெம்புகோலை இழுத்து பெல்ட்டைத் தள்ளிவிட்டேன். காற்றாடி நின்றது.

கிராணி என் சட்டையைப் பிடித்தார். இருக்கிற காற்றையும் நிறுத்திக் கொல்லப் பார்க்கிறாயா என்றார். நான் கதவைத் திறக்கச் சொன்னேன். அப்போது அந்த மனிதர் சொன்னதை என் கட்டை வேகிற வரை மறக்க மாட்டேன்.

"ஷீட்டெல்லாம் மேசை மேல கெடக்கு. எண்ணி முடிக்காம எப்படிய்யா தொறக்கிறது?"

அவரோடு மல்லுக்கு நிற்பதில் பிரயோசனமில்லை. சாக்கில் இருந்த இரும்புக் கப்பியை எடுத்தேன். அந்தக் காற்றாடியை இன்னும் வேகமாக ஓட்டுவதற்கென்று கொடுத்துவிட்ட அதே கப்பி. அதைக் கொண்டு ஜன்னல் பலகையை அடித்தேன். என்ஜின்காரனும் ஒரு கம்பியோடு ஓடி வந்தான். இரண்டு ஜன்னல்கள் உடைந்தன. உள்ளே குதித்து ஒவ்வொருவராக வெளியே தள்ளினோம். அதற்குப் பிறகுதான் கிராணிக்கு இடுப்பில் இருந்த சாவி நினைவுக்கு வந்தது.

எல்லோரையும் வெளியே எடுத்த பிறகு பார்த்தால் பாக்கியம் மட்டும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறாள். கீழுதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம். அவளைத் தூக்கப் போனேன். கையை விட மறுத்தாள்.

"நான் விழல தம்பி. பேரை வெட்டிடாதீங்க. நான் விழல."

விழுந்திருந்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய் வெளியே போட்டிருப்பார்கள், மற்றவர்களோடு பிழைத்திருப்பாள். விழக்கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து செத்துப்போகப் பார்த்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் தூக்க வேண்டியிருந்தது.

நல்லவேளை, யாரும் சாகவில்லை. மரத்தடியில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். பாக்கியத்துக்குப் பேச்சு தெளிய வெகுநேரம் ஆயிற்று. கிராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்று, பாத்தீரா, வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றார். கப்பி என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றேன். என் வாழ்நாளில் நான் செய்த பொறுமையான காரியம் அது ஒன்றுதான்.

துரை வந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். கதவைத் திறந்து வைத்து வேலை நடக்கட்டும், ஜன்னலுக்குப் பலகை வேண்டாம், கம்பி வலை போதும் என்றார். கிராணி எல்லாவற்றுக்கும் யெஸ் சார் போட்டார். பாக்கியத்தின் பேரை வெட்டவில்லை. இனிமேல் வெட்ட முகமில்லை.

புறப்படுவதற்கு முன் எஸ்டேட் கடையில் ஒரு பாக்கெட் ஊதுபத்தி வாங்கிப் பாக்கியத்தின் கையில் கொடுத்தேன். காலையில் காற்றாடி ஓட ஆரம்பித்ததும் ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் காட்டச் சொன்னேன். புகை அடுப்புக்குள் போனால் பயமில்லை. உன் முகத்துக்குத் திரும்பி வந்தால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடு என்றேன். அவள் உடனே கேட்டாள்:

"கதவு பூட்டியிருந்தா?"

துரைதான் திறந்து வைக்கச் சொல்லிவிட்டாரே என்றேன். விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஊதுபத்தியை மடியில் கட்டிக்கொண்டாள்.

பட்டறையில் எனக்குக் கிடைத்தது பாராட்டு இல்லை. ஸ்டோர் ஜன்னலை உடைத்த ரௌடியை அனுப்பிவிட்டீர்கள் என்று கிராணி முந்திக்கொண்டு எழுதிப் போட்டிருந்தார். மண்டோர் என்னைக் கூப்பிட்டு, பூஜையில் ஏதோ குறை வைத்துவிட்டோம் போலிருக்கிறது, அடுத்த தடவை கோழி அறுத்துவிடலாம் என்றார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கோழி சொல்லுமா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு என் கைக்கு வந்த ஒவ்வொரு காற்றாடிக்கும் நான் ஊதுபத்தியோடு நடந்தேன். என்னோடு வேலை செய்தவர்கள் எனக்குச் சாமிப் பைத்தியம் என்று பேர் வைத்தார்கள்.

மழைக்காலம் முடிந்து, பெல்ட் அறுந்துவிட்டது என்று அதே ஸ்டோரிலிருந்து ஆள் வந்தது. நானே போகிறேன் என்று போனேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. ஜன்னல்களில் கம்பி வலை இல்லை. பலகை, அதுவும் புதுப் பலகை. கதவில் பூட்டு. மறுபடியும் ஏதோ திருட்டுப் போயிருக்கிறது, துரையும் மாற்றலாகிப் போயிருக்கிறார். முதல் கேள்வியாகப் பாக்கியம் இருக்கிறாளா என்றுதான் கேட்டேன். கிராணி முகம் மலர்ந்து, அவளா, அவள் அம்பாளின் அருள் பெற்றவள் அல்லவா என்றார்.

பெல்ட்டை மாட்டி ஓடவிட்டோம். கிராணி பூட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டு, பழக்கப்படி கதவை இழுத்துச் சாத்தினார். பாக்கியம் தலைக்கு மேல் முக்காடு போட்டுக்கொண்டு எழுந்தாள். ஊதுபத்தியைக் கொளுத்தினாள். மெதுவாக நடந்து போய் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். புகை வளைந்து அவள் முகத்துக்கு வந்தது. அவள் கூச்சல் போடவில்லை.

"ஐயா, அம்மாவுக்கு மனசில்ல" என்றாள்.

அவ்வளவுதான். கிராணி ஓடினார். கதவை அகலத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்தார். ஒரு ஜன்னலில் பலகையைக் கழற்றித் தரையில் வைத்தார். அது கழற்றுவதற்கு வாகாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. பாக்கியம் மறுபடியும் பிடித்தாள். புகை அடுப்புக்குள் போனது. கிராணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியைத் திறந்த கதவின் குறுக்கே போட்டு, திருடன் வராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். தினமும் இப்படித்தானாம். அன்றைக்கு அத்தனை பேர் விழுந்தது அம்மாவின் கோபம் என்று என் காதோடு சொன்னார். அப்போதே இந்தப் பெண் சொல்லியிருந்தால் அப்போதே திறந்திருப்பேனே என்றும் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சாயங்காலம் வேலை விட்டதும் பாக்கியத்தைத் தனியாகப் பார்த்து, உண்மையைச் சொல்லாமல் ஏன் அந்த ஆளுக்கு இப்படி ஒரு கதை கட்டுகிறாய் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"உண்மையத்தான் தம்பி மொதல்ல சொன்னேன். நடிப்புன்னாரு, கள்ளுன்னாரு. மனுசிக்குத் தொறக்க மாட்டாரு, சாமிக்குத் தொறக்கிறாரு. எங்களுக்குக் கதவு தொறந்தா சரி."

அவளுக்குச் சரி. எனக்குச் சரியாகவில்லை, இன்றைக்கும் சரியாகவில்லை. மூச்சு விட ஒரு கதவைத் திறக்க வைப்பதற்கு அந்தப் பெண் சாமியைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கிராணி காரணம், துரை காரணம். பழத்தில் குச்சியைக் குத்திவிட்டு வந்த எங்கள் பட்டறையும் காரணம்.

இப்போது சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அந்த அடுப்பறைக்குப் பக்கத்தில் நீளமாக மேசைகள் போட்டிருந்தார்களே, திங்கட்கிழமை அங்கே யார் உட்காரப் போகிறார்கள் என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? ஜன்னல்களெல்லாம் ஏன் மூடிக் கிடக்கின்றன என்று கேட்டீர்களா? அங்கே ஒரு பாக்கியம் இருப்பாள் என்று நம்பித்தான் பிரியாணிக்குப் போனீர்களா? சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கும்பிடுங்கள். கும்பிட்டு முடித்ததும் ஊதுபத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு நடங்கள். பழத்தை யாராவது சாப்பிடட்டும்.